எட்டுக் கூடுகளும் ஒரு குறிப்பேடும்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி, நிரலைத் திறந்தால் எதுவுமே வரவில்லை. சனிக்கிழமை நன்றாகத்தான் இருந்தது" என்றார் அக்கா. அங்கே இருபது ஆண்டுகளாகப் பரிசோதகராக இருப்பவர் அவர். எதுவுமே வரவில்லை என்று அவர் சொன்னால் உண்மையிலேயே எதுவும் வந்திருக்காது. முந்தைய நாள் மாலை வீட்டிலிருந்தபடியே அந்தக் கணினியின் லினக்ஸை நான் புதுப்பித்திருந்தேன். ஆகவே அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே தவறு என் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது.

அது விண்டோஸுக்காக எழுதப்பட்ட நிரல்; வைன் என்ற மென்பொருளின் உதவியால் லினக்ஸில் ஓடுகிறது. அதை முனையத்திலிருந்து இயக்கிப் பார்த்தேன். ஒரே ஒரு வரி வந்து நின்றது. கூட்டின் வகை 'வின்32' என்று குறிக்கப்பட்டிருக்கிறது, வாவ்64 முறையில் அது ஏற்கப்படாது என்பதே அந்த வரியின் பொருள். இந்தச் சொற்களைப் பின்னால் விளக்குகிறேன். அதைப் படித்ததும் வயிற்றில் ஒரு கனம் இறங்கியது. பழைய வகைக் கூடுகள் ஏற்கப்படாத இந்த மாற்றம் வரும் என்று பல மாதங்களாகவே எனக்குத் தெரியும். நான் பயன்படுத்தும் லினக்ஸ் பதிப்பின் அறிவிப்பிலும் தெளிவாக எழுதியிருந்தார்கள். அந்த அறிவிப்பைப் படிக்காமல் புதுப்பித்தவன் நான்.

கூடு என்று நான் சொல்வதை வைன் பயன்படுத்துபவர்கள் பிரிஃபிக்ஸ் என்பார்கள். விண்டோஸுக்காக எழுதப்பட்ட நிரலை லினக்ஸில் இயக்க உதவும் வைன், ஒவ்வொரு பயனருக்கும் ஒரு கோப்புறையை உண்டாக்கித் தருகிறது. அதற்குள் ஒரு போலி சி டிரைவ் இருக்கும், விண்டோஸும் நிரல்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேட்டுக் கோப்புகள் இருக்கும், டிரைவ் எழுத்துகளும் போர்ட் எண்களும் எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதைக் காட்டும் சிம்லிங்க்குகள் இருக்கும். ஒரு விண்டோஸ் நிரல் தன் உலகம் என்று நம்புவது இவ்வளவைத்தான். உள்ளே இருப்பது வாழவேண்டுமானால் சுற்றியிருப்பது கலையாமல் இருக்கவேண்டும். அதனால் எனக்கு அது கூடு. இப்போது என் பொறுப்பில் எட்டுக் கூடுகள் இருக்கின்றன.

வைனைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். இது விண்டோஸைப் பாவனை செய்யும் எந்திரம் அல்ல. வைன் ஒரு எமுலேட்டர் அல்ல என்பதுதான் அந்தப் பெயரின் ஆங்கில விரிவாக்கமே. நிரலின் கட்டளைகள் நேராகச் செயலியிலேயே ஓடுகின்றன. "இந்தக் கோப்பைத் திற", "இந்தச் சாளரத்தை வரை" என்று நிரல் விண்டோஸிடம் கேட்கும்போது மட்டும், வைன் குறுக்கே நின்று அதே வேலையை லினக்ஸின் வழியில் செய்து கொடுக்கிறது. 1993இல் தொடங்கிய திட்டம் இது. 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் இதை வழிநடத்தி வருகிறார். 1.0 பதிப்பு வந்தது 2008 ஜூனில். பதினைந்து ஆண்டுகள் ஒன்று என்ற எண்ணைத் தொடாமல் உழைத்திருக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று முழுமையாக எழுதி வைக்கப்படாத ஒரு இயங்குதளத்தை, அதன் பிழைகள் உட்பட, வெளியிலிருந்து பார்த்து மறுபடி கட்டுவது எத்தகைய வேலை என்று நினைத்துப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இனி, அந்தத் திங்கட்கிழமையின் சிக்கலுக்கு வருகிறேன். பழைய விண்டோஸ் நிரல்களில் பெரும்பாலானவை 32 பிட் நிரல்கள், அதாவது இன்றைய 64 பிட் செயலிகளுக்கு முந்தைய தலைமுறைக்காக எழுதப்பட்டவை. அவற்றை இயக்க, வைனுக்கும் 32 பிட் லினக்ஸ் நூலகங்கள், அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணை நிரல்களின் தொகுப்புகள், தேவைப்பட்டன. ஒலி, திரை, எழுத்துரு, அச்சு என்று எல்லாவற்றுக்கும் இரண்டாவது பிரதி. லினக்ஸ் பதிப்புகளைத் தொகுப்பவர்களுக்கு இது பெரிய சுமை. 2019 ஜூனில் உபுண்டு அந்த நூலகங்களை நிறுத்தப்போவதாகச் சொன்னபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. தேவையான அளவு 32 பிட் தொகுப்புகளைத் தொடர்ந்து தருவதாக அவர்களும் இறங்கி வந்தார்கள். வைன் உருவாக்குநர்கள் அந்தச் சுமையை வேறு வழியில் இறக்கினார்கள். 32 பிட் நிரலின் அழைப்புகளை வைனுக்குள்ளேயே 64 பிட்டாக மாற்றி, 64 பிட் லினக்ஸ் நூலகங்களிடம் அனுப்பும் ஏற்பாட்டைக் கட்டினார்கள். புதிய வாவ்64 முறை என்று இதைச் சொல்கிறார்கள். 2024 ஜனவரியில் வந்த 9.0 பதிப்பில் அது பெரும்பாலும் முழுமை பெற்றது. சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் 32 பிட்டுக்கு மட்டுமே உண்டாக்கப்பட்ட பழைய கூடுகளை என் கணினிக்கு வந்த அந்தப் புதிய முறை ஏற்கவில்லை. அவற்றைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது.

ஆய்வகத்தின் கூடு அப்படிப்பட்டது. அதற்குள் இருப்பது ஒரு நிறமாலை ஒளிமானியோடு பேசும் நிரல். நீர் மாதிரியை ஒரு சிறு குப்பியில் வைத்தால், குறிப்பிட்ட அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை அது உறிஞ்சுகிறது என்று கருவி அளந்து, சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு அனுப்பும். கருவிக்கு இன்னும் ஒரு குறையும் இல்லை. விளக்கை மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள். நிரல் விஷுவல் பேசிக் 6இல் எழுதப்பட்டது. எழுதிய நிறுவனம் இப்போது இல்லை, மூல நிரலும் யாரிடமும் இல்லை. நன்றாக இருக்கும் ஒரு கருவியை, அதன் மொழி தெரிந்த ஒரே நிரல் ஓட மறுக்கிறது என்பதற்காகத் தூக்கிப் போடுவது எனக்குப் பொறுக்காது. நான் இந்த வேலையை எடுத்துக்கொண்டதே அதனால்தான்.

தொடக்கத்தில் எல்லா நிரல்களையும் ஒரே கூட்டில்தான் வைத்திருந்தேன். வைன் எதுவும் கேட்காமல் வீட்டுக் கோப்புறையில் ஒன்றை உண்டாக்கிவிடுகிறது, அடுத்தடுத்து நிறுவும் எல்லாம் அதற்குள்ளேயே போய் உட்காருகின்றன. முதல் ஆண்டு சிக்கல் இல்லை. பிறகு ஒட்டுச்சீட்டு அச்சிடும் ஒரு நிரலுக்காக, வைனின் சொந்த நூலகத்துக்குப் பதிலாக உரை எழுதும் பெட்டிகளைக் காட்டும் மைக்ரோசாஃப்டின் 'ரிச்எடிட்' நூலகத்தை வைத்தேன். ஒட்டுச்சீட்டு அழகாக வந்தது. ஆனால் மாதிரிகளைப் பதிவு செய்யும் நிரலில் குறிப்பு எழுதும் பெட்டி மறுநாள் வெறுமையாகிவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாலைகள் பிடித்தன. அதற்குப் பிறகு நிரலுக்கு ஒரு கூடு. ஒவ்வொன்றும் சில நூறு மெகாபைட் இடம் பிடிக்கும், இரண்டு கூடுகளில் ஒரே கோப்புகள் திரும்பத் திரும்ப இருக்கும். அந்த வீணடிப்பை நான் மனமார ஏற்கிறேன். வட்டில் இடம் மலிவு. எது எதைக் கெடுத்தது என்று தேடும் மாலை நேரம் மலிவல்ல.

கூடுகள் பெருகியபோது குறிப்பேடு தேவைப்பட்டது. நீல அட்டை போட்ட, கையால் எழுதும் குறிப்பேடு. கணினியே திறக்காத நாளில்தான் அது அதிகம் தேவைப்படும் என்பதால் காகிதத்தில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கூட்டுக்கும் தனிப் பக்கம். எந்த வைன் பதிப்பு, விண்டோஸின் எந்தப் பதிப்பாகத் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும், வைன்டிரிக்ஸ் என்ற உதவிக் கருவி மூலம் எந்தெந்தத் துணை நூலகங்களை எந்த வரிசையில் நிறுவினேன், எந்த நூலகத்தை மாற்றி வைத்தேன், எந்த மொழி அமைப்பு. கடைசியாக, இது வேலை செய்கிறது என்று எதை வைத்து முடிவு செய்வது. இந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. நிரல் திறக்கிறது என்பது வேலை செய்கிறது என்பதாகாது. ஒளிமானிக்கான சோதனை, சான்றளிக்கப்பட்ட ஒரு கண்ணாடி வடிகட்டியை வைத்து அளந்து பார்ப்பது. சான்றிதழில் உள்ள எண்ணுக்கும் திரையில் தெரியும் எண்ணுக்கும் இடையே 0.005க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அச்சுத் தாளிலும் அதே எண் வரவேண்டும். ஒருமுறை திரையில் 0.482 என்று இருந்தது, அறிக்கைக்கான கோப்பில் 0,482 என்று காற்புள்ளியோடு போய்விட்டது. கணினியின் மொழி அமைப்பை யாரோ ஒரு ஐரோப்பிய மொழிக்கு மாற்றியிருந்தார்கள். வைன் அதை லினக்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டு நிரலுக்குக் கொடுத்துவிட்டது. அதிலிருந்து, நிரலைத் தொடங்கும் சிறு ஸ்கிரிப்டிலேயே மொழி அமைப்பை எழுதி வைக்கிறேன்.

மொழி அமைப்பு வேறொரு கூட்டில் எனக்கு உதவியும் செய்திருக்கிறது. நண்பர் ஒருவர் வைத்திருக்கும் பழைய கான்ஜி பயிற்சி நிரலில் ஜப்பானிய எழுத்துகளெல்லாம் கேள்விக்குறிகளாகவும் ஒட்டாத குறியீடுகளாகவும் வந்தன. யூனிகோடுக்கு முந்தைய நிரல் அது, 932 என்ற குறிமுறைப் பக்கத்தை எதிர்பார்க்கிறது. லினக்ஸில் ஜப்பானிய மொழி அமைப்பை உண்டாக்கி, அந்த ஒரு நிரலுக்கு மட்டும் அதைக் கொடுத்தவுடன் எல்லா எழுத்துகளும் தெளிவாகிவிட்டன. ஒரே ஒரு சூழல் மாறிதான் வித்தியாசம்.

துணை நூலகங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். வைன்டிரிக்ஸ் அருமையான கருவி. விஷுவல் பேசிக் 6 இயக்க நூலகம் வேண்டுமென்றால் ஒரு சொல் தட்டினால் போதும், இறக்கி நிறுவிவிடும். ஆனால் அது இறக்கும் இடம் மைக்ரோசாஃப்டின் தளம். 2020 ஆகஸ்டில், ஷா-1 முறையில் ஒப்பமிடப்பட்ட பழைய கோப்புகளைத் தன் பதிவிறக்க மையத்திலிருந்து மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. பாதுகாப்புக் காரணங்களுக்காக எடுத்தது நியாயமே. ஆனால் பழைய நிரல்களைக் காப்பாற்றுபவர்கள் நம்பியிருந்த பல இணைப்புகள் அத்தோடு இறந்துபோயின. ஏற்கெனவே இறக்கிய கோப்புகளை வைன்டிரிக்ஸ் தன் தற்காலிகச் சேமிப்புக் கோப்புறையில் வைத்திருக்கும். இடத்தை மிச்சப்படுத்த நினைத்துப் பலர் முதலில் அழிப்பது அதைத்தான். தயவுசெய்து அழிக்காதீர்கள். நான் அந்தக் கோப்புறையை இரண்டு தனி வட்டுகளில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒளிமானிக் கூட்டின் குறிப்புதான் குறிப்பேட்டிலேயே நீளமானது. இரண்டரைப் பக்கம். காரணம் சீரியல் போர்ட். கணினியில் பழைய ஒன்பது முனைப் போர்ட் கிடையாது, யு.எஸ்.பி. மாற்றி வழியாகத்தான் இணைக்கிறோம். வைன் தானாகவே லினக்ஸின் சீரியல் போர்ட்டுகளைத் தேடி எண் கொடுத்துவிடும். ஆனால் வன்பொருளே இல்லாவிட்டாலும் பெயருக்கு முப்பத்திரண்டு போர்ட்டுகள் இருப்பதாக இந்தக் கணினியில் லினக்ஸ் காட்டுகிறது. அவற்றையெல்லாம் எண்ணிய பிறகு நம் யு.எஸ்.பி. கேபிளுக்குக் கிடைத்த எண், சீரியல் போர்ட்டுகளுக்கு விண்டோஸ் பெயரிடும் வழக்கில், காம் 33. நிரலின் பட்டியலிலோ காம் 1 முதல் காம் 4 வரைதான் உண்டு. வைன் பதிவேட்டில் 'போர்ட்ஸ்' என்ற பகுதியில் காம் 1 என்றால் இந்தக் கருவிக் கோப்பு என்று கையால் எழுதி, வைனின் பின்னணியில் ஓடும் வைன்சர்வரை நிறுத்தித் தொடங்கியதும் நிரல் கேபிளைக் கண்டுகொண்டது.

அது முதல் சுற்று. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ரீடிங் வரவில்லை. துப்புரவின்போது யாரோ கேபிளைப் பிடுங்கிச் செருகியிருக்கிறார்கள். நிரல் பழைய இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால், லினக்ஸ் அதே கேபிளுக்கு அடுத்த எண்ணைக் கொடுத்துவிட்டது. பூஜ்யமாக இருந்தது ஒன்றாகிவிட்டது. கேபிளின் வரிசை எண்ணைக் கொண்டு நிலையான பெயர் தரலாம் என்று பார்த்தால், நம் மாற்றிச் சில்லில் வரிசை எண்ணே கிடையாது. கடைசியில் எந்த யு.எஸ்.பி. வாயில் செருகியிருக்கிறது என்பதைக் கொண்டு நிலையான பெயர் தரும் வழியைப் பிடித்தேன். லினக்ஸே அந்தப் பெயர்களை ஒரு தனிக் கோப்புறையில் உண்டாக்கி வைத்திருக்கிறது. அந்த வாயைச் சுற்றிச் சிவப்பு நாடா ஒட்டி, "இதிலேயே செருகவும்" என்று அக்கா தன் கையால் எழுதி ஒட்டினார். மென்பொருளைப் பராமரிக்கும் வேலையில் அந்தச் சிவப்பு நாடாவுக்கும் இடம் உண்டு. குறிப்பேட்டில் அதையும் எழுதியிருக்கிறேன். அவருடைய பயனர் கணக்குக்குச் சீரியல் போர்ட்டைத் தொடும் உரிமையும் வேண்டும். சில லினக்ஸ் பதிப்புகளில் அந்தக் குழுவின் பெயர் டயல்அவுட், சிலவற்றில் யு.யு.சி.பி. இதை மறந்துவிட்டுப் பலர் வைனைக் குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், அந்த உரிமைச் சிக்கலைத் தாண்ட, கணினியின் முழு அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் வைனை இயக்குவது. ஒருபோதும் செய்யக் கூடாத காரியம் அது.

ஏன் என்றால், கூடு என்பது வேலி அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஒவ்வொரு கூட்டிலும் 'இசட்' என்ற டிரைவ் இருக்கும், அது கணினியின் முழுக் கோப்பு அமைப்பையும் காட்டும். கூட்டுக்குள் இருக்கும் 'ஆவணங்கள்' கோப்புறை உங்கள் உண்மையான ஆவணங்களுக்குத்தான் சிம்லிங்க்காகப் போகிறது. விண்டோஸுக்காக எழுதிய தீய நிரல் வைனிலும் ஓடக்கூடும், ஓடினால் உங்கள் கோப்புகள் அதன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. புதிய கூடு உண்டாக்கியவுடன் நான் செய்யும் முதல் வேலை அந்த இணைப்புகளை அறுப்பது. எங்கிருந்து வந்தது என்று உறுதியில்லாத நிரலுக்குத் தனி லினக்ஸ் பயனர் கணக்கும், வலைப்பின்னல் இல்லாத சூழலும் கொடுப்பேன். இணைப்பை அறுப்பது மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது.

நிரல் எழுதும் தரவுகளைக் கூட்டுக்கு வெளியே வைக்கவேண்டும் என்பதை இரண்டாம் ஆண்டில்தான் கற்றுக்கொண்டேன். இப்போது ஒவ்வொரு கூட்டிலும் ஒரு டி டிரைவ் உண்டு. அது வெளியே உள்ள ஒரு சாதாரணக் கோப்புறைக்குப் போகும் சிம்லிங்க். அளவீடுகள் எல்லாம் அங்கே. கூட்டை மொத்தமாக அழித்தாலும் ஓர் அளவீடும் போகாது என்ற நிலை வந்த பிறகுதான், அந்தத் திங்கட்கிழமை போன்ற காலையில் கை நடுங்காமல் வேலை செய்ய முடிகிறது.

பிரதி எடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது பதிவேடு வைன்சர்வரின் நினைவகத்தில் இருக்கிறது. அது அவ்வப்போதும் முடியும்போதும்தான் வட்டில் எழுதப்படுகிறது. ஆகவே ஓடும் கூட்டை அப்படியே பிரதி எடுத்தால் சில சமயம் பழைய பதிவேடு கிடைக்கும். முதலில் நிரலை மூடி, வைன்சர்வர் நின்றுவிட்டதா என்று பார்த்து, பிறகு பிரதி எடுக்கவேண்டும். புதிய வைன் ஒரு கூட்டைத் தொட்டவுடன் அதைத் தனக்கேற்பப் புதுப்பித்துவிடும். அதைப் பழைய வைனுக்குத் திருப்பிக் கொடுத்தால் ஒழுங்காக நடக்கும் என்று எண்ணக் கூடாது. பிரதி இல்லாமல் பதிப்பை ஏற்றுவது, திரும்பி வரும் பாதையை அழித்துவிட்டு நடப்பதற்குச் சமம்.

சரி, திங்கட்கிழமை. அக்காவிடம் நிலைமையைச் சொன்னேன். "கருவியின் சிறு திரையில் எண் தெரிகிறது. நான் கையால் எழுதிக்கொள்கிறேன், நீங்கள் பதறாமல் பாருங்கள்" என்றார். நேரில் போனேன். பழைய கூட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, குறிப்பேட்டைத் திறந்து, 64 பிட் கூடு ஒன்றைப் புதிதாக உண்டாக்கினேன். விஷுவல் பேசிக் இயக்க நூலகம், பிறகு நிரலின் குறுவட்டிலிருந்து நிறுவல், பிறகு குறிப்பேட்டில் இருந்த ஏழாவது வரி: "குறுவட்டில் உள்ள எம்.எஸ்.காம்32 ஓ.சி.எக்ஸ். கோப்பைச் சிஸ்டம்32 கோப்புறையில் போட்டுப் பதிவு செய்." சீரியல் போர்ட்டோடு பேசுவதற்கான விஷுவல் பேசிக் உறுப்பு அது. நிறுவல் நிரல் அதை ஒழுங்காக வைக்காததால் முன்பு கையால் வைத்திருந்தேன். எழுதியபடியே செய்தேன். நிரலைத் திறந்தால் பிழை எண் 339. அந்த உறுப்போ, அது சார்ந்திருக்கும் வேறொன்றோ சரியாகப் பதிவாகவில்லை, கோப்பு இல்லை அல்லது செல்லாது என்றது.

கோப்பு அங்கே இருக்கிறது. கண்முன்னால் இருக்கிறது. மறுபடி பதிவு செய்தேன், மறுபடி 339. ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. எந்த நூலகம் எங்கிருந்து ஏற்றப்படுகிறது என்று வைனை விரிவாகச் சொல்லவைத்து, ஓடிய வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் விளங்கியது. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற கோப்புறையில் இருப்பவை 64 பிட் நூலகங்கள். 32 பிட் நூலகங்கள் இருக்கும் கோப்புறையின் பெயர் சிஸ்வாவ்64. பெயர்கள் நேர்மாறாகத் தோன்றினாலும் அப்படித்தான். 32 பிட் நிரல் சிஸ்டம்32 என்று கேட்டால் விண்டோஸ் சத்தமில்லாமல் அதைச் சிஸ்வாவ்64க்குத் திருப்பிவிடும். வைனும் அதையே உண்மையாகச் செய்கிறது. என் பழைய கூடு வெறும் 32 பிட் என்பதால் அங்கே இந்தப் பிரிவே இல்லை, ஏழாவது வரி சரியாக இருந்தது. புதிய கூட்டில் நான் கோப்பை வைத்த இடத்தை நிரல் பார்க்கவே இல்லை.

கோப்பைச் சிஸ்வாவ்64க்கு நகர்த்தினேன். நிரல் திறந்தது. உடனே அடுத்தது: அளவுத்திருத்தக் கோப்பைக் காணோம் என்றது. நிரலின் அமைப்புக் கோப்பில் 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற பாதை முழுமையாக எழுதப்பட்டிருந்தது. 64 பிட் கூட்டில் 32 பிட் நிரல்கள் எக்ஸ்86 என்ற பின்னொட்டு கொண்ட வேறொரு கோப்புறைக்குப் போகின்றன. முந்தைய சிக்கலின் தம்பிதான் இது. இந்த முறை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டேன். நிரலைச் சி டிரைவில் நேராக ஒரு சிறு பெயருள்ள கோப்புறைக்கு மாற்றி நிறுவி, பாதையைத் திருத்தினேன்.

அந்த ஒரு மணி நேரம் எங்கே போயிற்று என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். என் குறிப்பேட்டில் ஏழாவது வரி என்ன செய்யவேண்டும் என்று சொன்னது. ஏன் என்று சொல்லவில்லை. "32 பிட் நிரல் தேடும் இடத்தில் இந்த உறுப்பு இருக்கவேண்டும்" என்று எழுதியிருந்தால், கூட்டின் வகை மாறியவுடன் அந்த வரி தானாகவே என்னைக் கேள்வி கேட்டிருக்கும். இத்தனை ஆண்டுகள் செய்முறையை எழுதினேன், அந்தச் செய்முறை எந்த நிலைமைகளை நம்பி நிற்கிறது என்பதை எழுதவில்லை. அன்று மாலையிலிருந்து எட்டுப் பக்கங்களையும் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். இடது பக்கத்தில் என்ன, வலது பக்கத்தில் ஏன். எழுத உட்கார்ந்தபோது, பதினான்கு வரிகளுக்கு ஏன் என்ற பதில் எனக்கே நினைவில்லை. அவற்றில் மூன்றை நீக்கிப் பார்த்தேன், நிரல் நன்றாகவே ஓடியது. என்றோ ஒரு நாள் எங்கோ படித்துச் செய்த மாற்றங்கள், தேவை போன பின்னும் கூட்டோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன.

எட்டில் ஒன்றைப் புதிய முறைக்கு மாற்றவில்லை. விண்டோஸ் 3.1 காலத்து விண்மீன் வரைபட நிரல் அது, என் சொந்த ஆசைக்காக வைத்திருப்பது. 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸ் இதை இயக்கவே இயக்காது. வைனோ பழைய முறையில் இதை லினக்ஸில் ஓட்டிக் காட்டுகிறது. 9.0 வெளியானபோது புதிய வாவ்64 முறையில் 16 பிட் நிரல்களுக்கு ஆதரவு இல்லை. அதனால் பழைய வைனையும் அதற்குத் தேவையான 32 பிட் நூலகங்களையும் ஒரு கன்டெய்னருக்குள் (மற்ற மென்பொருள்களோடு கலக்காத தனிச் சூழலுக்குள்) முழுதாக வைத்து, இந்தக் கூட்டை அதற்குள் விட்டுவிட்டேன். பழைய லினக்ஸ் நிரல்களுக்கும் இதே கன்டெய்னர் முறைதான் கைகொடுக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கருவறை (கெர்னல்) பழைய நிரல்களை உடைக்காமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கு மேலுள்ள நூலகங்கள் அப்படி அல்ல. 2022 ஆகஸ்டில், பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான ஜி.லிப்.சி.யின் 2.36 பதிப்பு தன் நூலகக் கோப்புகளிலிருந்து ஒரு பழைய அட்டவணையை நீக்கியதும், அதை நம்பியிருந்த சில விளையாட்டுகளின் மோசடித் தடுப்பு நிரல்கள் நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். லினக்ஸுக்காகவே எழுதிய பழைய நிரலைவிட, விண்டோஸுக்காக எழுதியது வைன் வழியாக எளிதாக ஓடிய அனுபவம் எனக்கு உண்டு.

இன்னொரு நிரலை வைனில் ஓட்டும் முயற்சியையே கைவிட்டேன். உரிமத்துக்காக யு.எஸ்.பி. வாயில் ஒரு சிறு பூட்டுக் கருவி செருகவேண்டும், அதற்கு விண்டோஸ் கருவறைக்குள் ஓடும் டிரைவர் வேண்டும். வன்பொருளுக்கான அப்படிப்பட்ட டிரைவர்களை இயக்குவது வைனின் வேலை அல்ல. கே.வி.எம். மெய்நிகர்க் கணினியில் உண்மையான விண்டோஸை நிறுவி, வலைப்பின்னலைத் துண்டித்து, பூட்டுக் கருவியை மட்டும் உள்ளே விட்டிருக்கிறேன். பதிலுக்கு ஒரு முழு இயங்குதளத்தையும் அதன் உரிமத்தையும் சுமக்கவேண்டும். ஆனாலும் வைன் செய்ய இயலாததை அதனிடம் கேட்டு மாதக்கணக்கில் போராடுவதைவிட இது நேர்மையான வழி.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பு எல்லாம் கூடிவந்தது. பதிவேட்டில் காம் 1க்கான வரியை எழுதினேன், மொழி அமைப்பைச் சரிபார்த்தேன், டி டிரைவை வெளியே உள்ள தரவுக் கோப்புறையோடு இணைத்தேன். சனிக்கிழமை வரையிலான அளவீடுகள் வரிசையாகத் திரையில் வந்தன. அக்கா வெண்ணிறப் பெட்டியைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடி வடிகட்டியை எடுத்துக் கருவிக்குள் வைத்தார். மூடியை மூடினார். இரண்டு மூன்று விநாடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 0.481 என்று வந்தது. சான்றிதழில் 0.482. அச்சு எடுத்தோம், தாளிலும் புள்ளியோடு 0.481.

"காலையிலிருந்து எழுதியது பதினேழு மாதிரி" என்று சொல்லித் தன் தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் உள்ளிட்டார்.